முழுநேரம் என்றால் யாருடைய நேரம்?

(சுண்ணாம்புக்குளத்தில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



‘கல்வியும் விளையாட்டும்’ என்று எனக்குத் தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் வழக்கமாக என்ன பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். உடல் நலம், ஒழுக்கம், விடாமுயற்சி, கடைசியில் ஒரு கோப்பை. நான் அதையெல்லாம் பேச வரவில்லை. நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவன். கவிதையும் எழுதுவதால் சொற்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிற பழக்கம் உண்டு. அதனால படிவத்துல இருக்கிற ஒரே ஒரு சொல்லைப் பத்தி மட்டும் பேசலாம்னு வந்திருக்கேன். அந்தச் சொல் ‘முழுநேரம்’.

கல்லூரியில் சேரும்போது ‘முழுநேர மாணவர்’. ஆராய்ச்சி உதவித்தொகைக்கு எழுதும்போது ‘முழுநேர ஆய்வாளர்’. பல்கலைக்கழக அணியில் ஆட வேண்டுமென்றால் தகுதிச் சான்றிதழில் மறுபடியும் அதே சொல்: முழுநேர மாணவர், எங்கும் முழுநேர வேலையில் இல்லாதவர். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. படிக்கிறவன் படிக்கணும், வேலைக்குப் போறவன் வேலைக்குப் போகணும், இதுல இன்னா தப்புன்னு கேட்பாங்க. ஒருத்தரோட ஒரு நாளைப் பிரிச்சு எழுதிப் பார்த்தா தெரியும் இன்னா தப்புன்னு.

இங்கே பின்வரிசையில் ஒரு தம்பி உட்கார்ந்திருக்கிறார். பெயர் வேண்டாம் என்றார். கதையைச் சொல்லச் சம்மதித்திருக்கிறார். முதுகலை இரண்டாம் ஆண்டு. கபடியில் ரைடர். பல்கலைக்கழக அணித் தேர்வில் பெயர் வந்துவிட்டது. ஆனால் வருகைப் பதிவு 68 சதவீதம். 75 வேண்டும். தேர்வு எழுத விடுவதா வேண்டாமா என்பதே கேள்வியாக இருக்கும்போது அணிக்குப் போக யார் கையெழுத்துப் போடுவார்கள்? வயசு 24. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு 25தான் எல்லை. அடுத்த வருஷம்னு ஒண்ணு அவருக்குக் கிடையாது.

அவரோட நாள் கணக்கை நாங்க ரெண்டு பேரும் உக்காந்து எழுதினோம். ராத்திரி ஏரியில் இறங்கினால் 5 மணி நேரம். பிடித்ததை ஏலத்துக்குக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர 1 மணி நேரம். பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து ரயில், இறங்கி மறுபடியும் பஸ். போக வர 4 மணி நேரம். வகுப்பு 5. மைதானத்தில் பயிற்சி 3. கூட்டினால் 18. மிச்சம் இருப்பது 6. அந்த ஆறுக்குள்ளேதான் சோறு, குளியல், செமினார் கட்டுரை, ப்ராஜெக்ட், தூக்கம் எல்லாம்.

பாபாசாகேப் அமெரிக்காவில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் படித்தார் என்று நம்முடைய மேடைகளில் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளை உசுப்புகிறோம். இந்தத் தம்பியும் 18 மணி நேரம்தான் உழைக்கிறார். அதில் படிப்புக்குக் கிடைத்தது ஐந்து.

அந்தப் பதினெட்டில் கல்லூரி எதை எண்ணுகிறது? வகுப்பறையின் ஐந்தை எண்ணுகிறது. விளையாட்டுத் துறை மைதானத்தின் மூன்றை எண்ணுகிறது. மிச்சமுள்ள பத்து மணி நேரம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆனால் அந்தப் பத்துதான் அவரை 68ல் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது. பதிவேட்டில் இல்லாத உழைப்புக்குப் பதிவேட்டில் தண்டனை மட்டும் உண்டு. முழுநேர மாணவர் என்று படிவம் யாரைச் சொல்கிறது என்றால், தன் சோற்றை வேறொருவர் சம்பாதித்துக் கொடுக்கிற மாணவரைச் சொல்கிறது. படிவத்தை எழுதியவர் மனசில் இருந்த மாணவனுக்கு வீட்டில் சோறு தயாராக இருந்தது, அப்பா மணியார்டர் அனுப்பினார், விடுதி மைதானத்துக்குப் பக்கத்திலே இருந்தது. அந்த மாணவன் ஒருத்தனைப் பார்த்துத் தைத்த சட்டையை எல்லாரும் போட்டுக்கணும்னா எப்படி?

*

விதிகளைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். எதிர்க்கிறவன் விதியைப் படிச்சிருக்கணும். படிக்காம எதிர்த்தா ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவர் ஒரு உட்பிரிவைக் காட்டி நம்மள அனுப்பிடுவார்.

நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிகளை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கி, 1973ல் இப்போதைய பெயரை எடுத்துக்கொண்டது. அதன் தகுதி விதிகளின் சாரம் இதுதான். முறையாகச் சேர்ந்த முழுநேர மாணவராக இருக்க வேண்டும். சேர்ந்த படிப்பு குறைந்தது ஓர் ஆண்டுப் படிப்பாக இருக்க வேண்டும். வயது 17க்குக் குறையக் கூடாது, 25ஐத் தாண்டக் கூடாது. பிளஸ் டூ முடித்து இத்தனை ஆண்டுகளுக்குள் என்று இன்னொரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கும். முழுநேர வேலையில் இருப்பவருக்கு இடமில்லை. தபால்வழியில் படிப்பவருக்கும் இடமில்லை.

இந்த விதிகளுக்கு ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசினால் நாம் நேர்மையானவர்கள் இல்லை. விதி இல்லையென்றால் பணமுள்ள கல்லூரி ஒன்று வெளியூர் ஆட்டக்காரரைக் காசு கொடுத்து இழுத்து வந்து, ஒப்புக்கு ஒரு படிப்பில் சேர்த்து, வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகும். உண்மையாகப் படிக்கிற பையன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பான். இரவல் ஆட்டக்காரரைத் தடுக்க வேலி வேண்டும், சரி. ஆனால் இரவல் ஆட்டக்காரருக்குப் போட்ட வேலியில் ராத்திரி வேலைக்குப் போய்ப் படிக்கிற பிள்ளை ஏன் மாட்டிக்கொள்கிறது? வேலி போட்டவன் கண்ணுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத் தெரியறாங்க. நம்ம சிக்கல் அதுதான்.

அடுத்தது வருகைப் பதிவு. 75 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். அதற்குக் கீழே 65 வரைக்கும் பல பல்கலைக்கழகங்களில் கட்டணம் கட்டி விலக்கு வாங்கலாம். போட்டிக்குப் போன நாட்களுக்கு ‘ஆன் டியூட்டி’ போடுவார்கள். இதை ஒரு சலுகையாகச் சொல்லிக்காட்டுவார்கள். சலுகை யாருக்குன்னு கவனிங்க. அணியில் இடம் கிடைத்துப் போட்டிக்குப் போனவருக்கு மட்டும். அணியில் இடம் பிடிப்பதற்காக மாதக்கணக்கில் விடியற்காலையில் ஓடினானே, அந்த நாட்களுக்கு என்ன போடுவார்கள்? காலைப் பயிற்சி முடித்து முதல் பீரியடுக்குப் பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் ஆப்சென்ட். ரயில் தாமதம் என்றால் ஆப்சென்ட். விலக்குக் கட்டணம் கட்டப் பணம் இல்லையென்றால், அந்தப் பணத்தைச் சம்பாதிக்க வேலைக்குப் போய் இன்னும் ரெண்டு நாள் ஆப்சென்ட்.

முதுகலையின் சுமை இளங்கலையைப் போலவும் இல்லை. நாலு செமஸ்டர். ஒவ்வொரு தாளுக்கும் அகமதிப்பீடு 25, தேர்வு 75. அந்த 25 வகுப்பாசிரியர் கையில் இருக்கிறது. மைதானத்துக்குப் போகிற பிள்ளையை ‘சீரியஸா படிக்கிற ஆள் இல்ல’ என்று முத்திரை குத்த அந்த 25 போதும். அதிலும் சேரியிலிருந்து போன பிள்ளை என்றால் முத்திரை ஏற்கனவே தயாராக இருக்கும். ஆடினால் ‘இவங்களுக்கு உடம்பு இருக்கு, மூளை இல்ல’. ஆடாமல் படித்தால் ‘கோட்டாவுல வந்தவன்’. உடம்பையும் மூளையையும் இரண்டாகப் பிரித்து, உடம்பை நமக்கும் மூளையைத் தனக்கும் என்று பாகம் போட்டுக்கொண்ட ஒரு கருத்தியலின் மிச்சம்தான் இது.

ஆராய்ச்சி மாணவர்களின் நிலை இதைவிட மோசம். தன்னுடைய ஆய்வு போகத் துறையின் எழுத்து வேலை, விடைத்தாள் கட்டு, கருத்தரங்கத்துக்கு நாற்காலி போடுவது வரைக்கும் அவர்கள் தலையில்தான். அது எந்தக் கணக்கிலும் வேலை என்று எழுதப்படுவதில்லை. ‘கைடு சொன்னார்’, அவ்வளவுதான்.

*

இதெல்லாம் கல்லூரி விவகாரம், எங்க ஊருக்கும் இதுக்கும் இன்னா சம்பந்தம்னு பெரியவங்க நினைக்கலாம். தகுதி விதின்னா இன்னான்னு இந்த ஏரிக்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பழவேற்காடு ஏரி சில்காவுக்கு அடுத்து இந்தியாவிலேயே இரண்டாவது பெரிய உப்பங்கழி. அதன் முகத்துவாரப் பக்கம் நல்ல இறால் கிடைக்கிற இடத்தில் யார் வலை கட்டலாம் என்பதைப் பாடு முறை தீர்மானிக்கிறது. முறை வைத்துச் சுழற்சியில் இடம் மாறும். இன்றைக்கு ஒரு கட்சி, நாளைக்கு இன்னொரு கட்சி. வெளியிலிருந்து வந்த ஆய்வாளர்கள் பலர் இதைப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள்: எவ்வளவு நியாயமான பங்கீடு, எவ்வளவு கட்டுப்பாடு என்று. பட்டியலுக்கு உள்ளே இருப்பவர்களுக்கு அது நியாயமான பங்கீடுதான். பட்டியலில் பெயர் வர வேண்டுமானால் அந்தச் சாதியின் தலைக்கட்டாக இருக்க வேண்டும். தலித் மக்களும் இருளர்களும் பெரும்பாலும் பட்டியலுக்கு வெளியே. கையால் தடவி இறால் பிடிக்கிற இருளப் பெண்ணுக்கு எந்தப் பாடும் கிடையாது. ஏரி ஒன்றுதான். தண்ணீர் ஒன்றுதான். ‘முறை’ என்ற ஒரு சொல்தான் நடுவில் நிற்கிறது.

உள்ளே இருப்பவர்களுக்குள் சமமாக நடந்துகொண்டு, உள்ளே யார் என்பதைப் பற்றிப் பேசாமல் இருப்பது தகுதி விதியின் பழைய தந்திரம். அது இந்த ஏரியில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் தேம்ஸ் ஆற்றில் ஹென்லி என்ற ஊரில் பேர்பெற்ற படகுப் போட்டி நடக்கிறது. 1879ல் அதன் நிர்வாகிகள் ஒரு தகுதி விதி எழுதினார்கள். படகிலோ படகைச் சார்ந்தோ கூலிக்கு வேலை பார்த்தவர் ஆடக்கூடாது. கூலிக்கு உழைக்கிற கைவினைஞர், தொழிலாளி யாரும் ஆடக்கூடாது. யோசித்துப் பாருங்கள், படகு தள்ளிப் பிழைக்கிறவனுக்குப் படகுப் போட்டியில் இடமில்லை! உழைத்து உரமேறிய தோள் ‘நியாயமற்ற சாதகம்’ என்பது அவர்கள் வாதம். 1920ல் ஜான் கெல்லி என்ற அமெரிக்கர் அந்தப் போட்டிக்கு விண்ணப்பித்தார். செங்கல் அடுக்கிக் கொத்து வேலை செய்தவர். அவர் சார்ந்த படகுச் சங்கத்தின் மேல் இருந்த பழைய தடை ஒரு காரணம், கைத்தொழில் செய்தவர் என்பது இன்னொரு காரணம், விண்ணப்பம் தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் அவர் தங்கம் வாங்கினார். தொழிலாளியைத் தடுத்த அந்த விதியை ஹென்லி எடுக்க 1937 ஆனது.

‘முழுநேர வேலையில் இருப்பவர் தகுதியற்றவர்’ என்ற இன்றைய வரியைப் படிக்கும்போது எனக்கு அந்தத் தேம்ஸ் நதிக்கரைதான் ஞாபகத்துக்கு வருகிறது. இன்றைய வரிக்கு அந்தக் கெட்ட நோக்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் வெளியே நிற்கிறவன் அதே உழைப்பாளிதான்.

அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு பெரும் பணம் புரளும் தொழில். அங்கே தகுதி விதிகள் ஒரு புத்தகம் அளவுக்கு இருக்கும். அங்கேயும் முழுநேர மாணவராக இருக்க வேண்டும். இளங்கலை மாணவர் ஒரு பருவத்தில் குறைந்தது 12 கிரெடிட் எடுக்க வேண்டும். முதுகலை மாணவருக்கு முழுநேரம் எது என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகமே வரையறுக்கும். கடைசிப் பருவத்தில் பட்டத்துக்குத் தேவையானது மூன்று கிரெடிட்தான் மிச்சம் என்றால், அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஆடலாம். பயிற்சிக்கும் ஓர் எல்லை உண்டு: போட்டிக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம். அந்த எல்லை ஏட்டில் ஒன்றாகவும் நடப்பில் வேறாகவும் இருக்கிறது என்ற குற்றச்சாட்டும் உண்டு. ஆனாலும் மாணவரின் உடம்புக்கும் ஒரு கணக்கு வேண்டும் என்று ஏட்டில் ஏறியிருக்கிறதா இல்லையா? நம்ம ஊர்ல அந்த ஏடே இல்ல.

அதே நாட்டில் தகுதி விதி கறுப்பினப் பிள்ளைகளை எப்படிக் கழித்துக்கட்டியது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1983ல் ஒரு தீர்மானம் போட்டார்கள், 1986ல் அமலுக்கு வந்தது. நுழைவுத் தேர்வில் இத்தனை மதிப்பெண் இல்லையென்றால் முதல் ஆண்டு ஆடக்கூடாது. 1989 ஜனவரியில் இன்னும் இறுக்கி, அந்த மதிப்பெண் இல்லாதவருக்கு உதவித்தொகையே கிடையாது என்று முடிவெடுத்தார்கள். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்ப்சன் கறுப்பினத்தவர். ஆட்டம் தொடங்கப்போகிற நேரத்தில், அரங்கம் நிறைந்திருக்கும்போது, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டு வெளிநடப்புச் செய்தார். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இருக்கிற ஒரே வாசலை அடைக்கிறீர்கள் என்பது அவர் சொன்ன குற்றச்சாட்டு. அடுத்த ஆண்டே அந்த விதியைத் தளர்த்த வேண்டியதாயிற்று. அந்த நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையே தகுதி விதியிலிருந்து முழுவதுமாக நீக்கியது 2023ல். ஆக, விதி மாறும். ஒரே நாளில் மாறாது. எவராவது ஒருவர் வெளியே நடந்து காட்ட வேண்டும்.

*

விதி காத்திருக்கவும் செய்யும் என்பதற்கு நமக்கு இதைவிடப் பெரிய சாட்சி இருக்கிறது. அம்பேத்கர் 1913ல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனார். 1916ல் லண்டனுக்கு மாறினார். அப்போது அவருக்கு வயது 25. இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிகளின் கணக்குப்படி மாணவப் பருவம் முடிகிற வயது! 1917ல் உதவித்தொகைக் காலம் முடிந்தது, படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இங்கே லண்டன் பல்கலைக்கழகம் செய்த காரியத்தைக் கவனியுங்கள். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்று அனுமதி கொடுத்தது. அவர் ஊருக்கு வந்தார். பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் அவமானப்பட்டார். பம்பாயில் சைடன்ஹாம் கல்லூரியில் வேலை பார்த்துக் காசு சேர்த்தார், கடன் வாங்கினார், 1920ல் திரும்பிப் போனார். 1921ல் எம்.எஸ்ஸி., 1923ல் டி.எஸ்ஸி.

அந்த நான்கு ஆண்டு அனுமதி இல்லையென்றால்? அவருடைய அறிவு குறைந்திருக்காது, உழைப்பும் குறைந்திருக்காது. கதவு மட்டும் சாத்தியிருக்கும். பாபாசாகேபின் 18 மணி நேர உழைப்பைப் பேசுகிற நாம் இந்த நான்கு ஆண்டு அனுமதியைப் பேசுவதே இல்லை. உழைப்பைப் பற்றியே பேசினால் பொறுப்பு முழுக்கப் பிள்ளை தலையில் விழுகிறது. அனுமதியைப் பற்றிப் பேசினால் நிறுவனத்துக்கும் ஒரு பொறுப்பு வருகிறது.

‘ஒருத்தருக்காகக் கடிகாரத்தை நிறுத்த முடியுமா?’ என்று கேட்பார்கள். நிறுத்தியிருக்கிறார்களே! பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி முனைவர் பட்டத்துக்கு அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்தால் மேலும் 2 ஆண்டுகள். பெண் ஆய்வாளர்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் ஊனமுற்றவர்களுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் தளர்வு. மகப்பேறுக்கும் குழந்தை வளர்ப்புக்கும் 240 நாட்கள் வரை விடுப்பு. பெண்கள் போராடி வாங்கிய உரிமை இது, வரவேற்கிறோம். வாழ்க்கையின் பாரத்தை விதிப் புத்தகத்தில் எண்ணாக எழுத முடியும் என்பதற்கு இதுவே நிரூபணம். பிள்ளை பெற்று வளர்க்கும் காலத்தை எண்ணத் தெரிந்த விதிக்கு, அப்பன் செத்தபிறகு குடும்பத்தைத் தூக்கிச் சுமந்த இரண்டு ஆண்டுகளை எண்ணத் தெரியாதா? தெரியும். எண்ணச் சொல்லி நாம் இன்னும் கேட்கவில்லை.

*

தங்கச்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து ஆந்திர எல்லையைத் தாண்டி ஸ்ரீசிட்டிக்கும், இந்தப் பக்கம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் வேன் வந்து பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. படித்துக்கொண்டே ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகள் உண்டு. பையன் ஏரிக்குப் போய்விட்டு வந்து அசந்து படுத்தால் அம்மா எழுப்பி டீ கொடுப்பாங்க. பொண்ணு ஷிப்ட் முடிச்சு வந்தா துடைப்பத்தைக் கொடுப்பாங்க. சாயங்காலப் பயிற்சி ஆறு மணிக்கு முடியும். கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஐந்தரைக்கே கிளம்ப வேண்டும். பாதியில் கிளம்பினால் பயிற்சியாளர் பெயரை அடிப்பார். முழுக்க இருந்தால் வீட்டில் பேச்சு. தகுதி விதியில் பெண்ணுக்கென்று தனியாக ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அவளுடைய தகுதி பஸ் நேரத்திலே தீர்மானமாகிவிடுகிறது. இது ஆதிக்க சாதியின் வேலை மட்டும் இல்ல, நம்ம வீட்டுக்குள்ள நடக்கிற வேலை. துடைப்பத்தை அண்ணன்காரன் வாங்கிக்கிட்டா அவளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகும். அதுக்கு எந்தக் கமிட்டியும் கூட வேண்டாம், எந்த அரசாணையும் வேண்டாம்.

என் கவுன்டரிலிருந்து தெரிகிற ஒன்றையும் சொல்கிறேன். ஒடுக்கப்பட்ட மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944ல் தொடங்கியது. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் கவுன்சிலில் இருந்த காலம். பாஸ்புக்கை நீட்டி ‘அண்ணே, ஏறிடுச்சா பாருங்க’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். நான் பதிவு போட்டுப் பார்ப்பேன். ஜூனில் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைக்கு, தேர்வும் முடிந்த பிறகு பணம் ஏறியிருக்கும். உதவித்தொகை என்பது படிக்கிற காலத்தில் வேலைக்குப் போகாமல் இருப்பதற்குக் கொடுக்கிற தொகை. படித்து முடித்த பிறகு கொடுத்தால் அது உதவி அல்ல, பழைய பாக்கி. பணம் வராத அந்த மாதங்களில்தான் பிள்ளை ஏரியில் இறங்குகிறது, ஷிப்டுக்குப் போகிறது. அந்த மாதங்களில்தான் வருகைப் பதிவு சரிகிறது. அரசாங்கத்தின் தாமதம் மாணவனின் ஆப்சென்டாக மாறுகிற ரசவாதம் இதுதான்.

நானும் கபடி ஆடினவன்தான். இளங்கலை வரைக்கும் கல்லூரி அணியில் இருந்தேன். அதுக்கப்புறம் ஒரு கடையில கணக்கு எழுதிக்கிட்டே தபால்வழியில எம்.ஏ. சேர்ந்தேன். சான்றிதழ் கேட்டுப் போனப்போ ஒரு அலுவலர் சொன்னார்: ‘தபால்ல படிக்கிறவன் தபால்லயே ஆடிக்கோ.’ சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். அந்த எம்.ஏ.வை நான் முடிக்கவில்லை. இன்றைக்கும் தபால்வழியிலும் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் படிக்கிறவர்கள் யார் என்று கணக்கெடுத்துப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணமான பெண்கள், நம்மைப் போன்றவர்கள். அவர்கள் எழுதுகிற தேர்வு தேர்வுதான், வாங்குகிற பட்டம் பட்டம்தான். அவர்கள் ஆடுகிற ஆட்டம் மட்டும் ஆட்டம் இல்லையாம்.

*

சரி, என்ன கேட்பது? ‘தகுதியைக் குறைக்கச் சொல்றீங்களா’ என்று உடனே வருவார்கள். ஒரு ரைடைக்கூடக் குறைக்கச் சொல்லவில்லை. மைதானத்தில் அதே கோடு, அதே முப்பது செகண்ட், அதே ஏழு பேர். கோட்டுக்கு உள்ளே வருவதற்கு முன்னால் நடக்கிற கழித்தலைப் பற்றித்தான் பேசுகிறோம்.

முதலாவது, பயிற்சி நாட்களுக்கும் வருகைப் பதிவில் இடம் வேண்டும். அணித் தேர்வுக்கு அழைக்கப்பட்ட மாணவருக்குப் பயிற்சிக் காலம் முழுக்க ஆன் டியூட்டி. இரண்டாவது, உதவித்தொகை தாமதமான மாதங்களில் ஏற்பட்ட குறைவுக்கு விலக்குக் கட்டணம் வாங்கக் கூடாது. மூன்றாவது, போட்டியும் தேர்வும் ஒரே நாளில் வந்தால் தேர்வைத் தனியாக நடத்த வேண்டும்; அரியர் என்று எழுதக் கூடாது. நான்காவது, குடும்பக் காரணத்தால் படிப்பை நிறுத்தி மறுபடியும் சேர்ந்தவர்களுக்கு நின்ற காலத்தை வயது வரம்பில் கழித்துக்கொடுக்க வேண்டும். லண்டன் பல்கலைக்கழகம் நூறு ஆண்டுக்கு முன்னால் கொடுத்த அனுமதிதான் இது. ஐந்தாவது, தபால்வழி, திறந்தநிலை மாணவர்களுக்கும் அணிகள் வேண்டும். ஆறாவது, இந்த ஏரிக்கரை ஊர்களுக்குப் பொதுவாக வெளிச்சம் போட்ட ஒரு மைதானம். மைதானம் பக்கத்தில் இருந்தால் நான்கு மணி நேரப் பயணத்தில் பாதியாவது மிச்சம்.

இவை எல்லாம் ஒரே நாளில் கிடைக்காது. ஆனால் 68க்கும் 75க்கும் நடுவில் நிற்கிற தம்பிக்கு இந்த வாரமே ஒரு வேலை நடந்தாக வேண்டும். 65க்கு மேல் இருப்பதால் விலக்குக் கேட்க அவருக்கு உரிமை இருக்கிறது. கட்டணத்தை நாம் பிரித்துப் போடுகிறோம். மனுவை இன்றைக்கே எழுதுகிறோம். மனுவில் ‘பெரிய மனது பண்ணி’ என்று எழுத மாட்டோம். உழைத்த மணி நேரங்களை வரிசையாக எழுதி, உதவித்தொகை வராத மாதங்களைப் பாஸ்புக் நகலோடு காட்டி, ‘இது என் பக்கத்துக் குறைவு அல்ல’ என்று எழுதுவோம். துறைத் தலைவரைப் பார்க்க ஐந்து பேர் கூடப் போகிறோம். சத்தம் போட இல்லை. தனி ஆளாகப் போனால் அவர்கள் பேசுகிற விதம் வேறு, ஐந்து பேராகப் போனால் வேறு.

இரண்டாவது வேலை எல்லாருக்கும். 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய், முப்பது நாள். நீங்கள் படிக்கிற அரசுக் கல்லூரிகளுக்கும் உதவிபெறும் கல்லூரிகளுக்கும் மூன்று கேள்வி அனுப்புவோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் வருகைக் குறைவால் தேர்வு மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அதில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் எத்தனை பேர்? மாணவர்களிடம் வாங்கிய விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவானது? பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாகியும் தகுதிச் சான்று மறுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், என்ன காரணத்துக்காக? பதில் வரட்டும். வராவிட்டால் மேல்முறையீடு செய்வோம். எண்ணிக்கை கையில் இல்லாமல் நாம் பேசுவதெல்லாம் புலம்பல் என்று தள்ளிவிடுவார்கள்.

மூன்றாவது வேலை ஒரு நோட்டு. நாற்பது பக்கம் போதும். இங்கே இருக்கிற ஒவ்வொரு மாணவரும், மாணவியும் ஒரு மாதத்துக்குத் தன் நாளை எழுத வேண்டும்: எத்தனை மணிக்குத் தண்ணீரில், எத்தனை மணிக்கு ரயிலில், எத்தனை மணிக்கு வகுப்பில், அடுப்படியில், மைதானத்தில். அலங்காரம் வேண்டாம், மணி நேரம் போதும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நோட்டோடு வாருங்கள். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்போம். கூட்டல் என் தொழில், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மனு எழுதக் காகிதம் கொண்டு வந்திருக்கிறேன். கையெழுத்து நல்லா இருக்கிற தங்கச்சி யாராவது முன்னாடி வாங்க.

ஜெய்பீம்.